உடைசல் கணக்கு: ஒரு ராஜபாளையம் ஈத்துக்கு என்ன செலவாகும்?

எங்கள் ஊர் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை பக்கம் நடந்து போனால், ஒவ்வொரு பட்டறைக்குப் பின்னாலும் ஒரு குவியல் கிடக்கும். உடைந்த பொம்மை, விரிசல் விட்ட அகல் விளக்கு, கோணலாகிப் போன ஃப்யூஸ் கட்டை. சூளையிலிருந்து எடுத்ததும் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் பெட்டிக்கு, மொக்கைச் சத்தம் வந்தால் குவியலுக்கு. சூளை வைத்திருக்கிற பக்கத்து வீட்டு அண்ணன் ஒருமுறை சொன்னார்: "உடைசல் இல்லாத சூளை கிடையாது தம்பி. எவ்வளவு உடையும்னு மொதல்லயே கணக்குப் போட்டு, நல்ல பீஸ் விலையில ஏத்திடணும். அது தெரியாதவன் ரெண்டே வருஷத்துல பட்டறையை மூடிடுவான்."

நாய் இனப்பெருக்கம் பற்றி எழுத உட்கார்ந்தவன் எதற்குச் சூளையைப் பற்றிப் பேசுகிறேன் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது, கடைசியில் அங்கேதான் வந்து நிற்பேன்.

என்னிடம் வெள்ளச்சி என்று ஒரு ராஜபாளையம் பெட்டை இருக்கிறது. 2019-ல் குட்டியாக வாங்கியது. அவளுக்கு மூன்று வயது ஆனபோது பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே பாட்டுதான்: "ஒரு ஈத்தாவது எடுங்க சார். பொட்டை நாய் ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது. குட்டி பதினஞ்சாயிரம், எட்டு குட்டி போட்டா லட்சத்து இருபதாயிரம்!"

முதல் பாதி பொய். ஒருமுறை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. குட்டி வேண்டாம் என்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது. வயதான பெட்டைகளுக்கு வரும் கர்ப்பப்பைச் சீழ் நோய் அதன்பிறகு வராது. இரண்டாவது பாதியைத்தான் நான் எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். மென்பொருள்காரன் புத்தி. எட்டு குட்டி, எட்டு விலை என்று போடுவது யாராலும் முடியும். நான் பார்க்க நினைத்தது வேறு: சரியாகச் செய்தால் என்ன ஆகும்?

செய்தும் பார்த்தேன். இது அதன் கணக்கு.

முதலில், எதற்காக ராஜபாளையம்?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ராஜபாளையம் நம் நாட்டுப் பெரிய நாயினங்களில் ஒன்று. தோள் உயரம் 65 முதல் 75 செ.மீ. வரை வரும். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண். பாளையக்காரர் காலத்தோடு சேர்த்து இதன் கதையைச் சொல்வார்கள். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது அதில் ஒன்று இது. கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வள நிறுவனத்தின் பதிவேட்டில் சிப்பிப்பாறை, முதோல் ஹவுண்டோடு இதுவும் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது இந்தப் பெயரும் வந்தது. அதன்பிறகு திடீரென்று எல்லோருக்கும் ராஜபாளையம் வேண்டும் என்று ஆனது.

தேவை திடீரென்று ஏறும்போது நல்ல நாய் திடீரென்று பிறந்துவிடாது. கையில் இருக்கிற நாய்களை வைத்து வேகமாகக் குட்டி எடுப்பார்கள். அவ்வளவுதான் நடக்கும்.

அரசாங்கமும் முயன்று பார்த்திருக்கிறது. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்களுக்காக ஒரு இனப்பெருக்க நிலையம் நடத்தியது. அங்கே நாய்கள் இருந்த நிலை பற்றி விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குப் போட, 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. சம்பளம், மருத்துவர், இடம் எல்லாம் இருக்கிற ஒரு துறைக்கே இது சுலபமான வேலையாக இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

ஜோடி தேடுவது

செலவு இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஆனால் முக்கால்வாசிப் பேர் இதைச் செலவாகவே பார்ப்பதில்லை.

2017-ல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கென்று விதிகள் கொண்டுவந்தது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, 8 வயதுக்கு மேலும் கூடாது. அடுத்தடுத்த இரண்டு பருவத்தில் குட்டி எடுக்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. 8 வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. விற்கும் குட்டிக்குத் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும். விதிகளைப் படித்தால், ஒழுங்கான ஆள் எப்படியும் இதைத்தானே செய்வார் என்று தோன்றும். சந்தையில் விசாரித்துப் பாருங்கள், எத்தனை பேர் செய்கிறார்கள் என்று தெரியும்.

எனக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல கடுவன் இருந்தது. விசாரித்தால் வெள்ளச்சிக்கும் அதற்கும் அப்பா ஒன்று. "அதனால என்ன சார், அம்மா வேறதானே" என்றார் அதன் உரிமையாளர். அப்பா ஒன்று, அம்மா வேறு என்றால் குட்டியின் உட்கலப்பு எண் 12.5 சதவீதம். அதாவது, குட்டியின் எந்த ஒரு மரபணு இடத்தை எடுத்தாலும், அதன் இரண்டு பிரதிகளும் அந்த ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பிரதியாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. கூடப் பிறந்தவர்களை இணைத்தால், அல்லது அப்பனையும் மகளையும் இணைத்தால் அது 25 சதவீதம். ஒளிந்து கிடக்கிற குறைகள் வெளியே வருவது இப்படித்தான்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் 50 பெட்டை, 2 பிரபலக் கடுவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க 52 நாய். ஆனால் மரபணுக் கணக்கில் எத்தனை? சூத்திரம் எளிது: 4 × ஆண் × பெண் ÷ (ஆண் + பெண்). 4 × 2 × 50 ÷ 52 = 7.7. ஐம்பத்திரண்டு நாய் இருந்தும் எட்டு நாய் இருக்கிற மாதிரிதான். தலைமுறைக்கு ஆறரை சதவீதம் உட்கலப்பு ஏறிக்கொண்டே போகும். அதே 52-ல் 25 ஆண், 27 பெண் என்று பரவலாகப் பயன்படுத்தினால் கணக்கு 52-க்குப் பக்கத்தில் நிற்கும், ஏற்றம் ஒரு சதவீதத்துக்குள் அடங்கும். போட்டியில் கோப்பை வாங்கின ஒரே கடுவனைத் தேடி ஊரே ஓடுவதில் இருக்கிற ஆபத்து இதுதான்.

ஆகவே பக்கத்துக் கடுவன் வேண்டாம் என்று முடிவு செய்தேன். காகிதத்தில் நான்கு தலைமுறைக்குப் பொது முன்னோர் இல்லாத ஒரு கடுவன், ராஜபாளையம் பக்கத்திலேயே கிடைத்தது. இங்கிருந்து சுமார் 350 கி.மீ. கட்டணத்துக்குப் பதிலாக ஒரு குட்டியைக் கொடுப்பது அங்கே வழக்கம். நான் பணமாகவே கொடுத்தேன். குட்டி எங்கே போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

போவதற்கு முன் வெள்ளச்சிக்கு ரத்தப் பரிசோதனை, உண்ணிக் காய்ச்சல் சோதனை, இடுப்பு எக்ஸ்ரே, புரூசெல்லா சோதனை. புரூசெல்லா இணை சேரும்போது பரவும், கருவைக் கலைக்கும், மனிதருக்கும் தொற்றும். பருவம் வந்த பிறகு புரொஜெஸ்டெரோன் அளவை மூன்று தடவை பார்த்தேன். மனிதர்களுக்கான லேபிலேயே செய்து கொடுத்தார்கள். "பேஷண்ட் பேரு வெள்ளச்சி, வயசு மூணா?" என்று கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தடவை கேட்டார். நாள் எண்ணிப் போவதைவிட இது நம்பகமானது. 350 கி.மீ. போய் நாள் தவறிவிட்டால் அடுத்த பருவத்துக்கு ஆறேழு மாதம் காத்திருக்க வேண்டும்.

அறுபத்து மூன்று நாள்

நாய்க்குக் கர்ப்ப காலம் சராசரியாக 63 நாள். எங்கள் ஊர் கத்திரி வெயிலில் குட்டி பிறக்கக் கூடாது என்பதற்காக அக்டோபர் பருவத்தைத் தேர்ந்தெடுத்தேன். 2022 மார்கழியில் குட்டிகள். பிறந்த முதல் வாரம் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க முடியாது. படுக்கிற இடம் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மார்கழி இரவில் ஒரு பல்பு போதும். மே மாதமாக இருந்தால் ஏசி வேண்டும்.

பெரிய நாயில் இன்னொரு பிரச்சினை எடை. 26 கிலோ தாய், அரைக் கிலோகூட இல்லாத குட்டி மேல் தெரியாமல் படுத்துவிடும். அதனால் பிரசவப் பெட்டியின் உள்சுவரைச் சுற்றி ஒரு ஜாண் இடைவெளியில் கட்டை அடிக்க வேண்டும். தாய் சுவரில் சாய்ந்தாலும் குட்டி நசுங்காமல் அந்தச் சந்தில் இருக்கும். தச்சர் ஆசாரியிடம் விளக்கியபோது, "குழந்தைக்குத் தொட்டில் செய்யும்போதுகூட யாரும் இவ்வளவு அளவு சொன்னதில்ல" என்றார்.

கர்ப்பத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, கால்சியம் சிரப் ஊற்றுவது. கர்ப்ப காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் கொட்டினால் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் உடம்பின் சொந்த ஏற்பாடு மந்தமாகிவிடும். பால் கொடுக்க ஆரம்பித்ததும் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி வலிப்பு வரலாம். குட்டிக்கும் அதே கதைதான். பெரிய இனக் குட்டிகளுக்கு முதல் ஐந்தாறு மாதம் கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளும் திறன் குடலுக்கு இல்லை. கொடுத்ததெல்லாம் உள்ளே போகும், எலும்பு கோணலாக வளரும். "கால் நல்லா கனமா வரட்டும்" என்று ஊற்றுகிற சிரப்தான் பல நேரம் காலைக் கெடுக்கிறது.

சாப்பாடு வேறு கணக்கு. 26 கிலோ நாய்க்குச் சும்மா இருக்க மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 800 கலோரி. சாதாரண நடமாட்டத்தோடு 1,300. ஏழு குட்டிக்குப் பால் கொடுக்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் அது மூன்று மடங்கு, ஏறக்குறைய 4,000. ஒரே வேளையில் அவ்வளவு தின்ன முடியாது. நாளைக்கு ஐந்து வேளை, அதில் ஒன்று ராத்திரி இரண்டு மணிக்கு.

பிரசவத்தன்று ஐந்து குட்டி தானாகப் பிறந்தது. ஆறாவதுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் முக்கியும் வரவில்லை. பலமாக முக்கி அரைமணியில் குட்டி வராவிட்டாலும், உள்ளே குட்டி இருந்தும் இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காவிட்டாலும் காத்திருக்கக் கூடாது என்று படித்திருந்தேன். ராத்திரி ஒன்றரை மணி. காரில் பின்சீட்டை மடக்கி வெள்ளச்சி, முன்னால் மனைவி மடியில் அட்டைப் பெட்டியில் ஐந்து குட்டி, சூட்டுக்கு வெந்நீர் பாட்டில். முந்தின வாரமே ஒரு மருத்துவரிடம் சொல்லி வைத்திருந்ததால் கதவு திறந்தது. அறுவை செய்து மூன்று குட்டி எடுத்தார். ஒன்று உயிரில்லை. மொத்தம் ஏழு.

சொல்லி வைக்காமல் போயிருந்தால் அந்த நேரத்தில் யார் கதவைத் தட்டியிருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சின்ன ஊரில் ராத்திரியில் நாய்க்கு அறுவை சிகிச்சை என்பது பணம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

குக்கர் விசில்

ஐந்தாவது வாரம். குட்டிகள் சமையலறை ஓரம் தூங்கிக்கொண்டிருந்தன. குக்கர் விசில் அடித்தது. ஆறு குட்டி தலையைத் தூக்கின. ஒன்று அசையவில்லை.

ஏழில் அதுதான் அழகு. ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை, சுத்தமான ரோஸ் மூக்கு. வருகிறவர்கள் எல்லாம் முதலில் கை நீட்டியது அதற்குத்தான்.

வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு ஏன் வருகிறது என்பது விசித்திரமான விஷயம். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் நிறமி செல்கள் உள்காதிலும் இருக்கின்றன. நத்தை எலும்புக்குள் இருக்கும் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காக்கும் திசுவுக்கு அவை அவசியம். உடம்பெங்கும் நிறமி செல்கள் பரவாமல் தடுக்கிற அதே மரபணுதான் நாயை வெள்ளையாக்குகிறது. அந்தத் தடை காது வரைக்கும் போய்விட்டால், பிறந்த மூன்று நான்கு வாரத்தில் அந்தத் திசு சுருங்கி, ஒலியை உணரும் செல்கள் செத்துவிடும். நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கும் வெள்ளையும், விரும்பாத செவிடும் ஒரே கொடியில் காய்க்கிற இரண்டு காய்.

இதில் மோசமான பகுதி ஒற்றைக் காது. அமெரிக்காவில் டால்மேஷியன் நாய்களைச் சோதித்தபோது சுமார் 8 சதவீதத்துக்கு இரண்டு காதும் கேட்கவில்லை, 22 சதவீதத்துக்கு ஒரு காது மட்டும் கேட்கவில்லை. ஒரு காது கேட்கிற நாய் கைதட்டினால் திரும்பும், பெயர் சொன்னால் ஓடி வரும். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில்தான் தடுமாறும். வாழ்நாள் முழுக்க யாருக்கும் தெரியாது. ஆனால் குட்டிக்குக் கடத்தும். மரபு முறையும் சிக்கலானது, ஒரு டி.என்.ஏ. சோதனையில் பிடித்துவிட முடியாது. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று மூளையின் மின் அலையை வைத்துப் பார்க்கிறார்களே, பெரா சோதனை, அதே முறைதான் நாய்க்கும். நான் அலைந்த தூரத்தில் நாய்க்கு அதைச் செய்து கொடுப்பவர் எனக்குக் கிடைக்கவில்லை. குழந்தைகளுக்குச் செய்யும் இடத்தில் கேட்டேன். சிரித்து அனுப்பினார்கள். தப்பில்லை.

அதனால் வீட்டிலேயே செய்தேன். குட்டி ஆழ்ந்து தூங்கும்போது, பார்வைக்குப் பின்னால், தரையில் அதிர்வு போகாமல், காற்று முகத்தில் படாமல், சாவிக்கொத்து, விசில், எவர்சில்வர் தட்டு. ஒவ்வொரு குட்டிக்கும் பத்து நாள், நோட்டில் குறித்து வைத்தேன். ஒன்று முழுச் செவிடு. இன்னொன்று திரும்பும், ஆனால் எப்போதும் இடது பக்கமே திரும்பும். ஒற்றைக் காது என்று சந்தேகம், உறுதி இல்லை.

அந்த வாரம்தான் கடலூரிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், தோட்டம் இருக்கிறது. நேராக வெள்ளைக் குட்டியைத் தூக்கினார். பக்கத்தில் லாரி ஹாரன் அடிக்கிறது, அது அவர் கையில் நிம்மதியாகத் தூங்குகிறது. "என்னா அமைதியான குட்டி! இதுக்கு இருபத்தஞ்சு தரேன் சார், இப்பவே."

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. அன்றைக்கு ஒரு நிமிடம் பேசாமல்தான் நின்றேன். அறுவைச் செலவு மனதில் ஓடியது. பிறகு தட்டை எடுத்து அதன் தலைக்குப் பின்னால் தட்டிக் காட்டினேன். அவர் குட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். போகும்போது கேட்டில் நின்று சொன்னார்: "நீங்க சொல்லாம விட்டிருந்தா, நான் ஆறு மாசத்துக்கு அது அடங்காத நாய்னு நினைச்சு அடிச்சிருப்பேன்."

கணக்கு

என் ஷீட்டிலிருந்து அப்படியே:

முன் பரிசோதனைகள்: ரூ. 9,400
புரொஜெஸ்டெரோன் மூன்று முறை: ரூ. 2,100
கடுவன் கட்டணம்: ரூ. 10,000
பயணம், தங்கல்: ரூ. 9,200
பிரசவப் பெட்டி: ரூ. 4,500
தாய்க்குக் கூடுதல் உணவு: ரூ. 11,000
அறுவை, மருந்து: ரூ. 18,000
குட்டிகளின் உணவு, பத்தாவது வாரம் வரை: ரூ. 14,500
தடுப்பூசி, பூச்சி மருந்து: ரூ. 9,800
மைக்ரோசிப், காகிதங்கள்: ரூ. 6,300
பினாயில், துணி, மின்சாரம், இன்ன பிற: ரூ. 5,000
மொத்தம்: ரூ. 99,800

வரவு? ஐந்து குட்டி, தலா 15,000, மொத்தம் 75,000. வாங்கியவர்களிடம் ஒரே நிபந்தனை: எப்போது வேண்டாம் என்றாலும் என்னிடமே திரும்பி வர வேண்டும். பத்து மாதத்தில் ஒன்று திரும்பி வந்தது. அபார்ட்மெண்டில் வைத்திருந்தார்கள், சோபாவைத் தின்றுவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு வேறு வீடு கிடைக்க மூன்று மாதம் ஆனது, இலவசமாக. ஒற்றைக் காது சந்தேகக் குட்டி, கருத்தடை செய்ய வேண்டும் என்ற பேச்சோடு மச்சான் வீட்டுக்குப் போனது. செவிட்டுக் குட்டி என்னிடம். ஆக வரவு 60,000. நஷ்டம் 39,800. என்னுடைய சுமார் 300 மணி நேரம் இதில் சேரவில்லை.

இப்போது அதே ஷீட்டை நகல் எடுத்து, பொறுப்பு என்று சொல்லக்கூடிய வரிகளை மட்டும் அழித்துப் பார்த்தேன். சோதனை வேண்டாம். பயணம் வேண்டாம், பக்கத்திலிருக்கும் அண்ணன் கடுவனே போதும், கட்டணமும் இல்லை. பெட்டி வேண்டாம். குட்டிகளை முப்பதாவது நாளில் தள்ளிவிடு, உணவு 2,000 போதும். ஊசி, சிப் கிடையாது. தாய்க்குச் சோறு, அறுவை, சில்லறைச் செலவு மட்டும். மொத்தம் 36,000. காகிதம் இல்லாததால் குட்டி 10,000 என்று வைத்தாலும், செவிடு உட்பட ஏழையும் விற்றால் 70,000. லாபம் 34,000.

இரண்டு ஷீட்டுக்கும் வித்தியாசம் 73,800 ரூபாய். அந்தச் செலவு இரண்டாவது ஷீட்டில் காணாமல் போகவில்லை. வேறு ஆட்கள் தலையில் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். முப்பது நாளில் தாயை விட்டுப் பிரிந்த குட்டி ஒரு பங்கு கொடுக்கிறது. மூன்றிலிருந்து பன்னிரண்டு வாரம் வரைதான் அது உலகத்தைப் பழகும் காலம். கூடப் பிறந்தவற்றோடு சண்டை போட்டுத்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்றுக்கொள்ளும். காவல் குணம் உள்ள பெரிய நாய்க்கு அந்தப் பாடம் தவறினால் ஆபத்து. ஊசி போடாத குட்டிக்குப் பார்வோ வந்தால் வாங்கியவர் கொடுக்கிறார். செவிட்டு நாயை அடங்காத நாய் என்று நினைத்து அடிக்கும் வீட்டில் அந்த நாய் கொடுக்கிறது. மிச்சத்தை இனமே கொடுக்கிறது.

இங்கேதான் சூளை அண்ணன் சொன்னது ஞாபகம் வருகிறது. பீங்கானில் உடைசல் கண்ணுக்குத் தெரியும். தட்டிப் பார்த்து வாங்குவார்கள், அதனால் உடைசல் செலவு நல்ல பீஸ் விலையில் ஏறியே ஆக வேண்டும். நாய்க்குட்டியில் உடைசல் தெரியாது. ஐந்து வாரக் குட்டி எல்லாம் ஒரே மாதிரி கொழுகொழு. வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதில்லை, அதனால் தட்டிப் பார்த்து விற்பவருக்கும் பார்க்காமல் விற்பவருக்கும் விலை ஒன்றுதான். அப்படியான சந்தையில் ஒழுங்கானவர்தான் முதலில் பட்டறையை மூடுவார்.

நானும் மூடினேன். செவிட்டுக் குட்டி பிறந்த ஜோடியை மறுபடி இணைக்கக் கூடாது. வெள்ளச்சிக்கே ஒற்றைக் காது பிரச்சினை இருக்கலாம், எனக்குத் தெரிய வழி இல்லை. 2023-ல் அவளுக்குக் கருத்தடை அறுவை செய்தாயிற்று. கடுவன் உரிமையாளருக்கு வீடியோ அனுப்பிச் சொன்னேன். "வெள்ளை நாய்னா இதெல்லாம் சகஜம் சார்" என்றார். அந்தக் கடுவன் இன்னும் பிரபலம்தான்.

ஆனால் நான் செய்தது முழுக்கச் சரியா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மேலே போட்ட 7.7 கணக்கைப் பாருங்கள். ஏற்கனவே சிறிய கூட்டம். சந்தேகப்படும் ஒவ்வொருவரும் தன் நாயை விலக்கிக்கொண்டே போனால், மிஞ்சுவது சந்தேகமே படாதவர்களின் நாய்கள். அதனால் தனி ஆளின் மனசாட்சி மட்டும் இந்த இனத்தைக் காப்பாற்றாது. பிரிட்டனில் டால்மேஷியன் வளர்ப்பவர்கள் குட்டிகளுக்குக் காதுச் சோதனை செய்து, முடிவைப் பதிவு செய்து, இரண்டு காதும் கேட்கும் நாய்களிலிருந்து குட்டி எடுத்தே பல ஆண்டுகளில் செவிட்டைக் குறைத்தார்கள். நமக்கும் வேண்டியது அதுதான். கால்நடைக் கல்லூரிகளில் நாய்க்கும் ஒரு பெரா கருவி, சோதனை முடிவைச் சிப் எண்ணோடு சேர்த்து யாரும் பார்க்கும்படி ஒரு பதிவேடு. மென்பொருள் பக்கம் பார்த்தால் அந்தப் பதிவேடு இரண்டு வார இறுதி வேலை. அதில் உண்மையைப் பதிய வைப்பதுதான் கஷ்டம்.

அதுவரைக்கும் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்க்கலாம். குட்டி வாங்கப் போனால் இவ்வளவு கேளுங்கள்: தாயைக் காட்டுவீர்களா? தாய்க்கு இது எத்தனையாவது ஈத்து, போன ஈத்து எப்போது? தாய்க்கும் தகப்பனுக்கும் பொதுவான தாத்தா பாட்டி உண்டா? குட்டி தூங்கும்போது நான் ஒரு தட்டைத் தட்டிப் பார்க்கலாமா? எனக்கு வளர்க்க முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? ஐந்துக்கும் நேராகப் பதில் சொல்கிறவர் விலையில் பத்தாயிரம் கூடக் கேட்டால், பேரம் பேசாமல் கொடுங்கள். அது அவர் லாபம் இல்லை, உடைசல் கணக்கு.

அந்த வெள்ளைக் குட்டிக்கு மௌனி என்று பெயர் வைத்தோம். இப்போது தோள் உயரம் 70 செ.மீ. கை ஜாடை பதினொன்று தெரியும். சாப்பாட்டுக்குக் கூப்பிடத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் போதும், அதிர்வில் எழுந்து வருவான். கயிறு இல்லாமல் வெளியே விட முடியாது, லாரி வருவது அவனுக்குத் தெரியாது. காவலுக்கு ஆக மாட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். ராத்திரி வெள்ளச்சி குரைத்தால் அவளைப் பார்த்துவிட்டு அவனும் கேட்டைப் பார்த்துக் குரைக்கிறான். என்ன காரணத்துக்குக் குரைக்கிறோம் என்று மட்டும் அவனுக்குத் தெரியாது.